நஞ்சில்லாச் சோறு யாருக்கு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து வந்த தோழர் ஒருவரின் குடும்பத்தோடு, பெரியபாளையத்துக்கு அப்பால் ஊத்துக்கோட்டை போகும் வழியில் ஓர் இயற்கைப் பண்ணையைப் பார்க்கப் போயிருந்தேன். தோழர் சர்க்கார் ஊழியர். தன் குழந்தைகளுக்குச் சேற்றையும் நாற்றையும் காட்ட வேண்டுமென்பது அவருடைய ஆசை. “நீங்கள் விவசாயத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்கிறவர்; கூட வாருங்கள், நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம்” என்றார். போனேன். அங்கே கண்டதையும், கண்டபின் யோசித்ததையும் தோழர்கள் முன் வைப்பது கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

ஆளுக்கு 400 ரூபாய் கட்டணம். அதில் மதியச் சாப்பாடும் அடக்கம். நகரத்திலிருந்து வந்த குழந்தைகள் ஒரு சிறு பாத்தியில் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு பிடி நாற்றை வாங்கிப் பத்து நிமிடம் நட்டார்கள். பெற்றோர் வரப்பில் நின்று போட்டோ எடுத்தார்கள். அந்தப் பாத்திக்கு அடுத்த கழனியில், காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ஆயினும், பண்ணையைக் குறை சொல்லி ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. அங்கே நடப்பது நல்ல விவசாயம். தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் அப்படியே மடக்கி உழுகிறார்கள். தொட்டியில் அசோலா வளர்கிறது. 200 லிட்டர் தண்ணீரில் பத்துக் கிலோ சாணம், கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண் சேர்த்து ஜீவாமிர்தம் தயாரிக்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவும், கருப்புக் கவுனியும், பூங்காரும் தனித்தனிக் கழனிகளில் நிற்கின்றன. ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தேன். பிட்டுப் போல் உதிர்ந்தது, உள்ளே மண்புழு நெளிந்தது. பொய் சொல்வானேன்? மனம் குளிர்ந்தது. பக்கத்துக் கழனியில் அதே மண் பாளம் பாளமாகக் கிடந்தது.

சொந்தக்காரர் சாப்ட்வேர் கம்பெனியில் பல வருஷம் சம்பாதித்துவிட்டு மண்ணுக்கு வந்தவர். மரியாதையானவர். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். “முதல் மூன்று போகம் நஷ்டம்தான். கையில் சேமிப்பு இருந்ததால் தாக்குப் பிடித்தேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பிரச்னை அடங்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சாப்பாட்டு வேளையில் பெண்கள் புங்கமரத்து நிழலுக்கு வந்தார்கள். அவர்களோடு போய் உட்கார்ந்தேன். கூலி 350 ரூபாய். வெளியிலும் அதே கூலிதான். பண்ணை வாசலில் கருப்புக் கவுனி அரிசி கிலோ 180 ரூபாய் என்று எழுதிப் போட்டிருக்கிறது. “நீங்கள் விளைவித்த அரிசியைச் சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“நாங்க எங்கண்ணா இத வாங்கித் துண்றது? ரேஷன் அரிசிதான்” என்றார், அவர்களில் மூத்தவர். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: “ஆனா ஒண்ணு சொல்லணும். வேற கழனியில மருந்தடிச்ச மறுநாளே களையெடுக்க எறக்கி விடுவாங்க. கை எரியும், தலை சுத்தும், ராத்திரிக்குச் சோறு எறங்காது. இங்க அந்தத் தொல்ல இல்ல. அதுக்காவவே நான் இங்க வரேன்.”

தோழர்களே, அந்த அம்மாளின் பேச்சில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. நஞ்சில்லாத சோறு விளைகிறது. விளைவித்தவளுக்கு அது கிடைப்பதில்லை. இது முதல் உண்மை. நஞ்சில்லாத விவசாயத்தால் முதலில் பிழைக்கிறவள், அதைத் தின்கிறவளுக்கும் முன்பாக, அந்தச் சேற்றில் நிற்கிறவள்தான். இது இரண்டாவது உண்மை. முதலாவதை மட்டும் பார்ப்பவர்கள் இது பணக்காரர் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நம்மில் பலரும் அப்படித்தான்.

பணக்காரர் விளையாட்டா?

திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டியில் தொழிற்சங்க அலுவலகத்தில் இந்த விஷயத்தைச் சொன்னபோது, ஓர் அனுபவமிக்க தோழர் சிரித்தார். “காண்டிராக்ட் தொழிலாளிக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. நீர் மண்புழுவைப் பற்றிப் பேசுகிறீர்!” என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

விஷம் யாரைக் கொல்கிறது? 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் விஷம் ஏறிச் செத்தார்கள். சிறு விவசாயிகளும் கூலிக்குப் போன தொழிலாளிகளும்தான் செத்தார்கள். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மீது பல ஆண்டுகள் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபானைத் தெளித்தார்கள். அதன் கீழே குடியிருந்த ஏழை ஜனங்களின் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தன. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்ற தொழிற்சாலை எதைத் தயாரித்தது? பூச்சிக்கொல்லியைத்தான். அதைச் சுற்றிக் குடிசை போட்டிருந்தவர்கள் யார்? உழைப்பாளிகள்தான்.

நம் வாசலுக்கே வருவோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் கடற்கரையில், உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. மூச்சுத் திணறி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மீனவ ஜனங்கள். அந்த இரவை எண்ணூர் மறக்கவில்லை.

எண்டோசல்ஃபானைத் தடை செய்யவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது யார் தெரியுமா? இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம். 2011 மே மாதத்தில் தடை உத்தரவு வாங்கியதும் அந்த வழக்கில்தான். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வீதம் நஷ்டஈடு கொடுக்கும்படி 2017-இல் கோர்ட்டு உத்தரவிட்டதும் அதே வழக்கில்தான். ஆகவே இது நமக்குப் புதிய விஷயமல்ல. நடுவில் மறந்துபோன விஷயம்.

அதற்கும் முந்தியது ஒன்று உண்டு. மண்ணிலிருந்து எடுத்த சத்தை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்று ஜெர்மன் ரசாயன நிபுணர் லீபிக் சொன்னதை மார்க்ஸ் ஊன்றிப் படித்தார். முதலாளித்துவ விவசாயம் தொழிலாளியை மட்டுமல்ல, மண்ணையும் சேர்த்தே கொள்ளையடிக்கிறது என்று 1867-இல் வெளியான ‘மூலதனம்’ முதல் பாகத்தில் விளக்கினார். கிராமத்தில் விளைந்தது நகரத்துக்குப் போகிறது. நகரத்தின் கழிவு வயலுக்குத் திரும்பாமல் ஆற்றில் கலந்து நாறுகிறது. அவர் லண்டனையும் தேம்ஸ் நதியையும் பார்த்து எழுதியது, சென்னைக்கும் கூவத்துக்கும் அப்படியே பொருந்தவில்லையா? ஆகவே மண்ணைப் பற்றிப் பேசுவது மார்க்ஸியத்துக்கு வெளியே இல்லை.

நாளைக்கே யூரியாவை நிறுத்தலாமா?

மறுபக்கமும் உண்டு. இயற்கை விவசாயம் என்றதும் சில கனவான்கள், ஒரே நாளில் ரசாயன உரத்தை ஒழித்துவிட வேண்டும் என்கிறார்கள். அண்டை நாட்டில் நடந்ததை அவர்கள் பார்க்கட்டும். 2021 மே மாதத்தில் இலங்கையில் கோத்தபய ராஜபக்ச சர்க்கார், ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே கையெழுத்தில் தடை போட்டது. கஜானாவில் டாலர் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். விவசாயிக்கு மாற்று உரமும் கொடுக்கவில்லை. பயிற்சியும் அவகாசமும் கொடுக்கவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை வாடியது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடை வாபஸ். அடுத்த வருஷம் ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடினார். உரத் தடை மட்டுமே அவரை வீழ்த்தவில்லை. ஆனால் ஜனங்களின் சட்டியைக் காலி செய்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இந்த நிகழ்ச்சியிலிருந்து இயற்கை விவசாயமே பொய் என்று முடிவு கட்டுவது தவறு. மேலிருந்து உத்தரவு போட்டு, நஷ்டத்தை விவசாயியின் தலையில் கட்டுவது பொய் என்பதே பாடம். கியூபாவைப் பாருங்கள். 1991-இல் சோவியத் யூனியன் சிதைந்ததும், அமெரிக்க முற்றுகையின் நடுவே, அவர்களுக்கும் உரமும் எண்ணெயும் நின்றுபோயின. அவர்கள் என்ன செய்தார்கள்? 1993-இல் பெரிய அரசுப் பண்ணைகளைப் பிரித்து, உழைப்பவர்களின் கூட்டுறவுகளிடம் நிலத்தை அனுபவிக்கக் கொடுத்தார்கள். ஹவானா நகரத்துக் காலிமனைகளில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து உயிர் உரங்களையும் பூச்சிக்கு எதிரிகளான பூச்சிகளையும் வளர்த்துக் கொடுத்தார்கள். கியூபா இன்னும் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது என்பதும் மெய்யே. இருந்தும், நெருக்கடியில் நகர மக்களுக்குக் கீரையும் காயும் கிடைத்தது அந்தத் தோட்டங்களில்தான். நிலம், விஞ்ஞானம், கூட்டுறவு ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து வந்தன.

மணலியில் 1971-இலிருந்து யூரியா உற்பத்தி செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலை இருக்கிறது. அதில் வேலை செய்கிறவர்கள் நம் சகோதரர்கள். உரத் தொழிலாளியையும் விவசாயியையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவது நம் வேலையல்ல. உயிர் உரம் பெருக வேண்டுமானால் அதையும் பொதுத்துறைத் தொழிற்சாலைதான் மலிவாகச் செய்து கொடுக்க முடியும். தனியார் கையில் விட்டால், நேற்று பூச்சிமருந்து விற்ற அதே கடையில் நாளை புட்டியில் அடைத்த பஞ்சகவ்யம் இரட்டை விலைக்கு வரும். இப்போதே வந்துகொண்டுதான் இருக்கிறது.

தடை எங்கே இருக்கிறது?

பண்ணைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கரை வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடும் விவசாயி ஒருவரிடம் பேசினேன். “பக்கத்துக் கழனியைப் பார்க்கிறீர்கள். நீங்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை?” என்று கேட்டேன். அவர் சொன்னது: “மண்ணைப் பொன்னாக்கி யாருக்குக் கொடுக்கறது? மூணு வருஷம் நான் எரு அடிச்சு நிலத்தைத் தேத்துவேன். நாலாவது வருஷம் வேற ஆளுக்கு விட்டுடுவாங்க, இல்லன்னா பிளாட் போட்டுடுவாங்க.”

இயற்கை விவசாயத்தைப் பற்றிய அத்தனை புத்தகங்களிலும் இல்லாத பாடம் இது. மண்ணில் முதலீடு செய்ய, அந்த மண் நாளையும் தன்னிடம் இருக்கும் என்ற உறுதி வேண்டும். 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. குத்தகை வாயில் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்குப் பயிர்க்கடனும் இல்லை, மானியமும் இல்லை, வெள்ள நிவாரணமும் இல்லை.

அடுத்து, மாறும் காலத்து நஷ்டம். மத்திய சர்க்கார் 2001-இல் வகுத்த சான்றளிப்பு விதிப்படி, ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் மரப்பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாறுகாலம். அதுவரை விளைச்சல் குறையும். விலையோ சாதாரண விலைதான். சர்க்கார் நெல் கொள்முதல் நிலையத்தில் சன்னரகம், பொதுரகம் என்ற இரண்டே கணக்கு. நஞ்சு போட்டதா, போடாததா என்று கேட்பாரில்லை. சேமிப்பு உள்ளவர் தாக்குப் பிடிப்பார். கந்துவட்டிக்கு வாங்கி விதைப்பவன் எப்படித் தாக்குப் பிடிப்பான்?

மூன்றாவது, எரு. எரு வேண்டுமானால் மாடு வேண்டும். மாடு வேண்டுமானால் மேய்ச்சல் நிலம் வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலத்தைச் சிப்காட்டுக்கு எடுத்தபோது, அந்த ஊர் ஜனங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், 2007-லிருந்து வருஷக்கணக்கில் போராடினார்கள். தொழிற்சாலை வேண்டாம் என்பது அவர்கள் வாதமல்ல. எங்கள் மாட்டையும், எங்கள் ஏரிக்கு நீர் தரும் காட்டையும் அழிக்காதே என்பதே வாதம். மேய்க்காலை எடுத்துக்கொண்டு, “மாட்டுச் சாணத்தால் விவசாயம் செய்” என்று உபதேசம் செய்தால் அது கேலியல்லவா?

நான்காவது, தண்ணீர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஊட்டி வளர்த்த பூமி நம்முடையது. மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்கும் அளவின்றி இறைத்ததில், 1960-களின் முடிவிலேயே கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது தெரிந்துவிட்டது. பிறகு அது பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவைப் புதைக்கும் பொதுநிலையம் ஒன்றும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. கிணறு உப்பானால், ஓடையில் ஆலைக்கழிவு வந்தால், எந்த ஜீவாமிர்தமும் அந்தக் கழனியைக் காப்பாற்றாது. வேலியைப் போட்டு ஒரு பண்ணையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு தாலுகாவை வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு இயக்கம் வேண்டும்.

சர்க்கார்களின் கணக்கு

சர்க்கார்கள் பேசாமல் இல்லை. தமிழ்நாடு சர்க்கார் 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் இயற்கை விவசாய தேசிய இயக்கத்துக்கு 2,481 கோடி ரூபாய் என்று அறிவித்தது. ஒரு கோடி விவசாயிகளிடம் போய்ச் சேர்வோம் என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலைக்கு 2,481 ரூபாய். அந்த அம்மாளின் ஏழு நாள் கூலி. மூன்று போகத்து நஷ்டத்தை இதைக் கொண்டு தாங்க வேண்டுமாம்! அதே சமயத்தில் ரசாயன உர மானியம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். அந்த மானியத்தை வெட்டு என்று நான் சொல்லவில்லை. வெட்டினால் முதலில் சாகிறவன் சிறு விவசாயி. மாற்றத்துக்கும் அதே கனத்தில் பணம் வை என்கிறேன்.

இன்னொரு சரக்கையும் இதோடு சேர்த்து விற்கிறார்கள். நாட்டுப்பசு தெய்வீகமானது, அதன் சாணத்தில் அற்புதம் இருக்கிறது என்கிறார்கள். அற்புதம் ஏதுமில்லை, இருப்பது நுண்ணுயிர். தக்கைப்பூண்டின் வேர்முடிச்சில் உட்கார்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும் பாக்டீரியாவுக்கு மதமும் இல்லை, ஜாதியும் இல்லை. கிழமாட்டை விற்கப்போகிறவனை வழிமறித்து அடிக்கும் கூட்டமே, மாடு வளர்ப்பைப் பற்றியும் உபதேசம் செய்கிறது. விற்க முடியாத மாட்டை எந்த ஏழை வளர்ப்பான்? மண்ணின் விஞ்ஞானத்தை மூடநம்பிக்கையிடம் ஒப்படைப்பது நாம் செய்யும் பெரிய தவறாகும்.

நம்முடைய தவறு

சுயவிமர்சனமும் அவசியம். உர விலையைக் குறை, தட்டுப்பாட்டைப் போக்கு என்று கிளர்ச்சிகள் நடத்தினோம், நடத்தியது சரி. கூலி உயர்வுக்குப் போராடினோம், ரத்தம் சிந்தினோம். ஆனால், மருந்து டின்னைத் தோளில் சுமக்கிறவனுக்குக் கையுறை எங்கே, முகமூடி எங்கே, மருந்தடித்த கழனியில் எத்தனை நாள் கழித்து ஆளை இறக்கலாம் என்பதை எத்தனை பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக வைத்தோம்? நானும் சிறுவயதில் அந்த டின்னைச் சுமந்தவன். அடித்துவிட்டு வந்து வாந்தியெடுத்துப் படுத்தது நினைவிருக்கிறது. சங்கத்துக்கு வந்தபின் அதை ஏன் ஒரு கோரிக்கையாக நினைக்கவில்லை? அது தலைவிதி என்று நாமும் இருந்துவிட்டோம். அந்த அம்மாள் சொல்லித்தான் உறைத்தது.

களைக்கொல்லி வந்தபின் பெண்களுக்குக் களையெடுக்கும் நாட்கள் குறைந்தன. இயற்கை விவசாயம் பரவினால் அந்த நாட்கள் திரும்பும். அது நல்லதா, கெட்டதா? கூலி சரியாக இருந்து, கோனோ களைக்கருவி போன்றவை கையில் இருந்து, நேரத்துக்கு வரம்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், நகரத்துக்காரரின் நஞ்சில்லாச் சோற்றுக்காகக் கிராமத்துப் பெண்ணின் முதுகு கூனுவதுதான் மிச்சம். இதை முடிவு செய்வது சந்தையா, சங்கமா என்பதே கேள்வி.

ஆகவே, நம் ஜில்லாவின் விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து எடுக்கவேண்டிய கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தோழர்கள் விவாதிக்கட்டும், திருத்தட்டும்.

ஒன்று: வாய்மொழிக் குத்தகைகளை 1969 சட்டப்படி முகாம் போட்டுப் பதிவு செய். மாறுகால நஷ்டத்தை மூன்று வருஷத்துக்கு உழுகிறவனுக்கே நேராகக் கொடு.

இரண்டு: மருந்தடிக்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்புச் சாதனம் நிலச் சொந்தக்காரரின் பொறுப்பு. மருந்தடித்த கழனியில் குறித்த நாள் கழியுமுன் ஆளை இறக்கக் கூடாது.

மூன்று: மிஞ்சியிருக்கும் மேய்க்காலையும் ஏரிகளையும் இனித் தொடாதே. கிணற்று நீரைச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுது.

நான்கு: செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் அறிக்கை கொடுத்து, அடுத்த வருஷம் உத்தரவாகி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலங்களை மீட்டுக் கொடு. பொன்னேரியும் திருவள்ளூரும் அன்று செங்கல்பட்டு ஜில்லாவில்தான் இருந்தன. இந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் மூண்ட போராட்டத்தில் இருவர் துப்பாக்கிக்குப் பலியானதை நாம் மறக்கவில்லை. கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் தரிசைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிடுகிறார்கள். நம் பெண்களுக்கும் மீட்ட நிலத்தில் அப்படிக் கூட்டுப் பண்ணை வேண்டும்.

ஐந்து: அப்படி விளையும் அரிசியையும் காயையும் சர்க்கார் கூடுதல் விலைக்கு வாங்கி, முதலில் பள்ளிக்கூடத்துக் காலை உணவுக்கும் சத்துணவுக்கும் கொடுக்கட்டும். களையெடுத்தவளின் பிள்ளை அதைத் தின்னட்டும்.

அன்று மாலை கிளம்பும்போது, தோழரின் சிறு பெண் தான் நட்ட பாத்தியைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, நான் நட்ட நெல்லை யார் சாப்பிடுவார்கள்?” என்று கேட்டாள். தோழர் என்னைப் பார்த்தார். எனக்கும் உடனே பதில் வரவில்லை. கழனியில் அந்த ஒன்பது பெண்களும் இன்னும் குனிந்தே இருந்தார்கள்.

அந்தக் குழந்தையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நிலம் உழுபவனுக்கு என்று கோஷம் போட்ட இயக்கம் நம்முடையது. நஞ்சில்லாத நிலமும், நஞ்சில்லாத சோறும் உழைப்பவருக்கே என்று அந்தக் கோஷத்தை நீட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.